தண்டவாளம் இல்லாத ஊர் – 17: கண்ணாடிக் குழாயில் ஏறிய தண்ணீர்

எஞ்சினைக் கொடுத்துவிடலாம் என்று ராதா ஒரு வார்த்தை சொல்லவில்லை. போன வாரம் சாப்பாட்டு மேஜையில் சேதுராமன் அந்தப் பேச்சை எடுத்தபோது அவள் ரசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்லாமல் இருந்தாள், அவ்வளவுதான். இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணிய மனுஷன் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு நிதி திரட்டிக்கொண்டிருந்த நண்பர் விஜயபாஸ்கருக்குப் போன் போட்டுவிட்டார்.

மறுநாளே வாட்ஸ்அப்பில் அழைப்பிதழ் வந்துவிட்டது. ஊரில் ஒரு சின்ன ஸ்டேஷன் ஓரமாகத் துருப்பிடித்து நிற்கும் இரண்டு பழைய நீராவி எஞ்சின்களை மறுபடி ஓடவைக்க மஸ்கட் தமிழர்கள் கூடும் நிதி விருந்து. அதன் கடைசி வரியில், 'மறைந்த ரிஷி தன் கையால் செய்த நீராவி எஞ்சின் ஏலத்துக்கு' என்று போட்டிருந்தது.

மகன் பெயருக்கு முன்னால் அந்த 'மறைந்த' என்ற சொல்லை ராதா அன்றைக்குத்தான் முதல்முதலாக எழுத்தில் பார்த்தாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்த் துணி மடித்தாள்.

இரண்டு நாள் கழித்து அவளாகவே சேதுராமனிடம் வந்து ஒன்றே ஒன்று சொன்னாள்.

"குடுங்க. ஆனா அவன் ஊத்தின தண்ணி அதுலயே இருக்கணும். வேற தண்ணி யாரும் ஊத்தக் கூடாது. அவன் தண்ணியிலயே அது ஓடட்டும்."

சேதுராமன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம் தலையை மட்டும் ஆட்டினார்.

அந்தத் தண்ணீரின் கதை இதுதான். ரூவி கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கிற அவர்கள் வீட்டுப் பால்கனியில் உட்கார்ந்து, ஒரு முழ நீளத்துக்கு அந்த எஞ்சினை ரிஷி செய்தான். செம்பில் பாய்லர், பித்தளையில் சக்கரம். வேலை முடிந்து வந்தால் குளிக்கிறானோ இல்லையோ, அரத்தால் ராவுகிற சத்தம் கேட்கும். லீவுக்கு ஊருக்குப் போனாலும் சொந்தக்காரர் வீட்டுக்கெல்லாம் போக மாட்டான். அந்த ஸ்டேஷனுக்குப் போய்ப் பெரிய எஞ்சின்களின் துருவைச் சுரண்டிவிட்டு, சட்டையெல்லாம் செங்கல் நிறமாக வந்து நிற்பான்.

எல்லாம் முடிந்து, இவனுடைய குட்டி எஞ்சின் முதல்முறையாக ஓட வேண்டிய வாரம் அது. குழாய்த் தண்ணீர் ஊற்றினால் பாய்லருக்குள் உப்புப் படியும் என்று, ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து ஊற்றி வைத்தான். "நிஸ்வா சைட்ல டியூட்டிம்மா. சனிக்கிழமை வந்து ஓட்டிக் காட்டறேன். தண்ணியக் கொட்டிடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தான்.

நிஸ்வாவில் அவனுக்கு டியூட்டியே இல்லை. நிஸ்வாவைத் தாண்டி, ஆதமைத் தாண்டி, ஹைமாவுக்கும் அப்பால் சலாலா போகிற பாலைவன ரோட்டில், குறுக்கே வந்த ஒட்டகத்தின் மேல் கார் மோதியது. அவன் ஏன் சலாலாவுக்குப் போனான், யாரைப் பார்க்கப் போனான் என்று இன்றுவரை இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. கேட்டுப் பார்க்காத ஆள் இல்லை.

மிச்சம் இருந்தது அந்தத் தண்ணீர்தான்.

எஞ்சின் டிரைவர் நிற்கிற இடத்தில், பாய்லரில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்ட, பேனா ரீஃபில் பருமனுக்கு ஒரு கண்ணாடிக் குழாய் இருந்தது. காலையில் சாமி விளக்கேற்றிவிட்டு ராதா நேராக அங்கே போவாள். குனிந்து பார்ப்பாள். எங்கேயோ கண்ணுக்குத் தெரியாமல் கசிந்து, தண்ணீர் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே வந்தது. மார்கழியில் குழாயின் அடியில் ஒரு நகக்கீற்று அளவுதான் நின்றது. அது வற்றுகிற அன்றைக்குத் தன் பிள்ளை முழுசாகப் போய்விடுவான் என்று அவளுக்குத் தோன்றியது. இதை யாரிடம் சொல்வது? சொன்னால் டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போவார்கள்.

பொங்கலன்று காலையில் பார்த்தால், தண்ணீர் குழாயில் பாதிக்கு மேல் ஏறி நின்றது.

ராதா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வந்திருக்கிறான். பொங்கல் அதுவுமாக வீட்டுக்கு வந்துவிட்டுப் போயிருக்கிறான். அன்றைக்கு அவள் பொங்கலை ஒரு இலை கூடுதலாகப் போட்டுப் பரிமாறினாள். எதற்கென்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அதிலிருந்து தண்ணீர் இறங்கும், ஏறும். அவள் மறுபடி வாய்விட்டுச் சிரிக்கப் பழகியதே அதற்கப்புறம்தான்.

விருந்து வெள்ளிக்கிழமை மாலை. அன்று காலையில் ராதா பூ வாங்கக் கீழே இறங்கினாள். லிஃப்டில் பாதி இறங்கியதும் பர்ஸை மறந்தது ஞாபகம் வந்து, திரும்பி ஏறினாள். கதவைச் சாத்தாமல் போயிருந்ததால் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிட்டாள்.

ரிஷியின் அறையில் தன்யா எஞ்சின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். ரிஷிக்கு அடுத்தவள், காலேஜில் படிக்கிறவள். பக்கத்தில் ஏ.சி. தண்ணீர் பிடிக்கிற பாட்டில். கையில் ஊசி இல்லாத சிரிஞ்ச். பாய்லர் மேலிருந்த திருகு மூடியைக் கழற்றி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை உள்ளே செலுத்திக்கொண்டிருந்தாள். செலுத்துவாள், குனிந்து குழாயைப் பார்ப்பாள், மறுபடி செலுத்துவாள். ரொம்ப நாளாகச் செய்து பழகின கை.

பேசிக்கொண்டும் இருந்தாள்.

"இன்னிக்கு லாஸ்ட்டுடா ரிஷி. பாதிக்குக் கீழ இருந்தா பாய்லர் காஞ்சிடும்னு விஜி அங்கிள் சொன்னார். அம்மாவுக்கு ஓடணும். அதான் ஃபுல்லா வைக்கிறேன். அம்மா நீ வச்சதுன்னே நெனைக்கட்டும்."

ராதா கதவுக்கு இந்தப் பக்கமே நின்றாள். பொங்கலுக்கு வந்துபோனவன் இவள்தானா? சித்திரையில் வந்தவனும், அவன் பிறந்தநாளன்று வந்தவனும் இவள்தானா?

அவள் அழவில்லை. வந்த சுவடு தெரியாமல் பின்னால் நகர்ந்து, வெளியே போய், லிஃப்டுக்கு நிற்காமல் படியில் உட்கார்ந்தாள். மேல்மாடிக்குப் போன மீரா சாகிப் வீட்டம்மாள், தலை சுற்றுகிறதா என்று விசாரித்தாள். ஆமாம் என்றாள் ராதா. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள் அந்த அம்மாள். வேண்டாம், தண்ணீர் வேண்டாம் என்றாள்.

பிள்ளை போன அன்றைக்கு இப்படி இல்லை. அன்றைக்குக் கூட்டம் இருந்தது, பிடித்துக்கொள்ள ஆள் இருந்தது, கூட அழ இந்தப் பெண்ணே இருந்தாள். இன்றைக்கு அவன் இரண்டாந்தடவை போகிறான். இதைச் சொல்லி அழ ஒரு ஆள் கிடையாது.

அப்புறம் எழுந்து, கதவைப் படீரென்று தள்ளிக்கொண்டு, "தன்யா, என் பர்ஸைப் பாத்தியா?" என்று வாசலிலிருந்தே குரல் கொடுத்தாள். உள்ளே எதுவோ அவசரமாக மூடப்படுகிற சத்தம். பாட்டில் ஒன்று உருளுகிற சத்தம்.

"கிச்சன்ல இருக்கும்மா."

மகள் முகத்தில் குற்றம் பிடிபட்ட கலவரம். ராதா அவள் பக்கம் திரும்பாமல் பர்ஸை எடுத்துக்கொண்டு பூ வாங்கப் போனாள்.

மாலையில் சேதுராமன் கார் ஓட்ட, தன்யா பின்சீட்டில். முன்சீட்டில் ராதா, துண்டில் சுற்றிய எஞ்சினைப் பிள்ளையை வைத்துக்கொள்கிற மாதிரி மடியில் வைத்திருந்தாள். டிக்கியில் வைக்கலாமே என்றார் அவர். அவள் துண்டை இன்னும் இழுத்துச் சுற்றினாள். அவருக்கும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. கொஞ்ச தூரம் போனதும், கோபமா என்று கேட்டார். கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது என்றாள்.

"அந்த ரெண்டு எஞ்சினும் ஓடணும்னு அவனுக்கு ஆசை, ராதா. வேற எதுவும் என்னால செய்ய முடியலை" என்றார், ரோட்டைப் பார்த்தபடி.

ரூவி ரவுண்டபௌட்டில் ஒரு டாக்ஸி குறுக்கே பாய்ந்தது. சேதுராமன் பிரேக்கை மிதித்தார். ராதா எஞ்சினை இறுக்கிப் பிடித்தாள், ஆனாலும் அது சாய்ந்துவிட்டது. மடியில் சில்லென்று ஈரம் பரவியது.

காலையில் அவசரத்தில் தன்யா மூடியைச் சரியாகத் திருகவில்லை.

பட்டுப் புடவை நனைந்து தொடையோடு ஒட்டியது. துண்டு நனைந்தது. சேதுராமன் காரை ஓரங்கட்டி நிறுத்தினார். பின்சீட்டிலிருந்து முதலில் ஒரு விசும்பல், அப்புறம் அடக்க முடியாத அழுகை.

"சாரிம்மா. ஐ ஆம் ஸோ சாரி. அவன் தண்ணிம்மா."

அழுகையிலும் பொய்யை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாளே என்று ராதா திரும்பி மகளைப் பார்த்தாள். உன் தண்ணிதானேடி என்று சொல்லிவிடலாம். சொன்னால், இத்தனை மாதமாக இந்தக் குழந்தை ஒற்றை ஆளாகத் தூக்கிச் சுமந்ததை நடுரோட்டில் போட்டு உடைத்த மாதிரி ஆகும். அவள் மூடியை இறுகத் திருகினாள்.

"அழாதே. புடவைதானே, காஞ்சிடும். நீங்க வண்டிய எடுங்க."

ஹோட்டல் ஹாலில் விஜயபாஸ்கர் வாசலிலேயே நின்றார். சேதுராமனைவிடச் சின்னவர், மதுரைக்காரர். இந்த விருந்துக்கு அனுமதி வாங்க ஆபீஸ் ஆபீஸாக அலைந்ததில் தன் தொப்பை பாதி கரைந்துவிட்டது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மிச்சப் பாதியே இவ்வளவா என்று ஜவுளிக்கடை உடையப்பன் கேட்டதற்கு, உங்க கடைத் துணி துவைச்சதும் சுருங்கிருச்சு, அதான் அப்படித் தெரியுது என்றார். சிரித்தார்கள். ராதாவைக் கண்டதும் சிரிப்பை நிறுத்தினார்கள். அவளுக்கு அதுதான் பிடிக்கவில்லை. ஒரு வருஷமாக அவள் நுழைகிற இடமெல்லாம் இப்படித்தான் சத்தம் குறைகிறது.

மேடைக்குப் பின்னால் பெரிய பேனர். இரண்டு எஞ்சின்களும் துருவேறி, வயிற்றில் செடி முளைத்து நின்றன. ஓரத்தில் சுரண்டியும் கையுமாக ரிஷி. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, யாரோ கூப்பிட்டதற்குத் திரும்புகிற மாதிரி.

மேஜை மேல் வட்டமாகத் தண்டவாளம் போட்டிருந்தார்கள். விஜயபாஸ்கர் எஞ்சினை அதில் ஏற்றி வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். அவர் முகம் மாறியது.

"அண்ணி, தண்ணி அடியில கெடக்கு. இப்படியே பத்த வச்சா பாய்லர் போயிரும்." குரலைத் தாழ்த்தினார். "நீங்க சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு. வேற தண்ணி ஊத்தலை. ஓட்ட வேணாம், சும்மா காட்டிட்டு ஏலத்த விட்ருவோம். வெல கொஞ்சம் கொறையும், போகட்டும்."

ராதா பேனரைப் பார்த்தாள். அவன் திரும்பி யாரைப் பார்க்கிறானோ. அப்புறம் மகளைப் பார்த்தாள். அழுது வீங்கிய கண்ணோடு, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அந்தப் பையில் என்ன இருக்கும் என்று ராதாவுக்குத் தெரியும்.

"தன்யா, ஊத்தும்மா."

"அம்மா?"

"எப்பவும் நீதானே ஊத்துவே. இன்னிக்கும் நீயே ஊத்து."

சேதுராமன் திடீரென்று பேனரில் உள்ள எழுத்தையெல்லாம் ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கினார். அவர் படித்த விதத்திலேயே, சிரிஞ்ச் வாங்கிக் கொடுத்தது யார் என்று ராதாவுக்குப் புரிந்துவிட்டது.

"எப்பம்மா பாத்தே?"

"காலையில."

"கோவமா?"

ராதாவுக்குப் பொய் சொல்லவும் மனசில்லை, நிஜத்தைச் சொல்லவும் தெம்பில்லை.

"பொங்கலப்ப ரொம்ப ஊத்திட்டே" என்றாள்.

"கை நடுங்கிடுச்சும்மா. அதுதான் ஃபர்ஸ்ட் டைம். நீ சாப்பிடாமலே இருந்தியா, அதான்" என்று சொல்லிவிட்டு, தன்யா அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். ராதா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். தடவுகிற கைக்கு எந்த ஆறுதலும் கிடைக்கவில்லை. ஆனால் தடவாமல் இருக்கவும் முடியவில்லை.

தன்யா பையிலிருந்து பாட்டிலையும் சிரிஞ்சையும் எடுத்தாள். தண்ணீர் குழாயில் ஏறுவதை மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். தனித்தனியாக இத்தனை மாதம் பார்த்ததை, சேர்ந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

விசில் இழுக்கிற இடத்தில், கம்பிக்குப் பதிலாக வெள்ளிக் கொலுசின் துண்டு ஒன்றைக் கோத்திருந்தான் ரிஷி. நுனியில் ஒற்றைச் சலங்கை. ராதா அதை விரலால் தொட்டாள்.

"உன் சின்ன வயசுக் கொலுசை வெட்டிட்டான் பாரு."

"என்னுது இல்லம்மா. உன்னுதுன்னு நெனச்சேன்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குள் விஜயபாஸ்கர் பாய்லருக்கு அடியிலிருந்த குட்டி ஸ்பிரிட் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டார். நீல ஜுவாலை சுருசுருவென்றது. குழந்தைகள் மேஜையைச் சுற்றி மொய்த்தன. சற்று நேரத்தில் பாய்லர் முனகத் தொடங்கியது. பிறகு சக்கரம் ஒருமுறை தயங்கி, அரை வட்டம் உருண்டு, பிடித்துக்கொண்டது.

ஓடியது. மூச்சு வாங்கிக்கொண்டு, வட்டத்தைச் சுற்றி, பேனரின் கீழே போய்த் திரும்பி ஓடியது. ஹாலில் எல்லாரும் கை தட்டினார்கள். சனிக்கிழமை வந்து ஓட்டிக் காட்டறேன் என்றானே. எத்தனை சனிக்கிழமை போய்விட்டது.

எஞ்சினை ஓரிடத்தில் நிறுத்தி, விசிலை ராதாதான் இழுக்க வேண்டும் என்றார்கள். இழுத்தாள். பெரிய எஞ்சினின் கூவலெல்லாம் இல்லை. மெல்லிசாக, உச்சியில் கொஞ்சம் பிசிறடிக்கிற சத்தம். பத்து வயசில் ரிஷிக்குத் தொண்டை கட்டினால் அப்படித்தான் கூப்பிடுவான். இந்த விசில் சத்தத்தை வீட்டில் யாரும் இதற்கு முன்னால் கேட்டதில்லை. வெள்ளையாக ஆவி எழும்பி, மேலே ஏ.சி. இருந்த பக்கமாகப் போய்க் கலைந்தது.

ராதா வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். புடவையின் ஈரம் இன்னும் காயவில்லை. பக்கத்து நாற்காலியில் தன் கைப்பையை வைத்தாள். சேதுராமனும் தன்யாவும் மேஜையருகே இருந்தார்கள்.

ஏலம் சூடுபிடித்தது. ஷோரூம் கண்ணாடிக்குள் வைத்தால் கூட்டம் கூடும் என்று உடையப்பன் விடாமல் கை தூக்கினார். ஒவ்வொரு கை உயரும்போதும் ராதா எஞ்சினையே பார்த்தாள். பெரிய எஞ்சின்கள் ஓடும், சரி. நாளைக் காலையில் விளக்கேற்றிவிட்டு நான் எங்கே போய்க் குனிந்து பார்ப்பேன்?

"ஒரு தரம்" என்றார் விஜயபாஸ்கர் மைக்கில்.

ராதாவின் பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள்.

இருபத்தைந்து வயசிருக்கும் பெண். பஸ்ஸில் தூங்காமல் வந்த கண். கசங்கிய சுடிதார், தோளில் துணிப்பை. விருந்துக்கு வந்தவள் மாதிரி இல்லை. விசில் ஊதின இடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ராதாவின் காதருகே குனிந்தாள்.

"அம்மா, என் பேரு சங்கீதா. வண்டி நல்ல காரியத்துக்குப் போகுது, போகட்டும். அந்த விசில்ல இருக்கிற சங்கிலிய மட்டும் கழட்டிக் குடுப்பீங்களா?"

ராதா நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் கீழே பார்த்தாள். ஒரு காலில் வெள்ளிக் கொலுசு, அதே கண்ணி, அதே சலங்கை. மற்றக் காலில் கொலுசு இல்லை.

"ரெண்டு தரம். அண்ணி, முடிச்சிரலாமா? நீங்க ஒரு வார்த்த சொன்னா மூணாந்தரம் சொல்லிருவேன்."

ஹால் முழுக்க அவள் பக்கம் திரும்பியது. ராதா மேடையைப் பார்க்கவில்லை.

"சலாலாவிலேருந்தாம்மா வர்றே?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் தலையை ஆட்டினாள். ஆட்டின வேகத்தில் கண்ணில் நின்றது கன்னத்தில் இறங்கியது.

மேஜை மேல் எஞ்சின் கடைசி ஆவியைச் சீறிக்கொண்டிருந்தது. விஜயபாஸ்கர் மைக்கைப் பிடித்தபடி காத்திருந்தார். ராதா பக்கத்து நாற்காலியில் இருந்த கைப்பையை எடுத்து, ஈர மடியில் வைத்துக்கொண்டாள்.

"உக்காரு" என்றாள்.